இருந்தது இருந்தபடியே: இஸ்திஸ்ஹாப் ஓர் அறிமுகம்

ரமலான் மாதத்து ஸஹர் நேரம், அதாவது நோன்பு தொடங்கும் முன் விடிகாலையில் உண்ணும் வேளை. பாங்குச் சத்தம் எட்டாத ஒரு காட்டுவெளி. கடிகாரம் இல்லாத பயணி ஒருவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கிழக்கே பார்க்கிறார். வானம் வெளுத்த மாதிரியும் இருக்கிறது, வெளுக்காத மாதிரியும் இருக்கிறது. அவர் சாப்பிடலாமா? சாப்பிடலாம் என்பதுதான் பெரும்பாலான மார்க்கச் சட்ட அறிஞர்களின் பதில். விடிந்த பிறகுதான் சாப்பிட்டோம் என்று பின்னால் உறுதியாகத் தெரியவராதவரை அவருடைய நோன்பு செல்லும்.

அதே மனிதர், அதே நாள் மாலை. மேகம் கவிந்து கிடக்கிறது. சூரியன் மறைந்துவிட்டது போலவும் தோன்றுகிறது, இன்னும் இல்லை போலவும் தோன்றுகிறது. பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோகிறார். இப்போது நோன்பு திறக்கலாமா? கூடாது.

காலையில் வந்த சந்தேகமும் மாலையில் வந்த சந்தேகமும் ஒரே வகைதான். பதில் மட்டும் ஏன் நேரெதிர்? காலையில் அவர் கையில் உறுதியாக இருந்தது இரவு. அது போய்விட்டது என்று தெரியாதவரை இரவுதான். மாலையில் அவர் கையில் உறுதியாக இருந்தது பகல். அது போய்விட்டது என்று தெரியாதவரை பகல்தான். இந்த ஒற்றைச் சிந்தனைக்கு இஸ்லாமியச் சட்டக் கலையில் உள்ள பெயர் ‘இஸ்திஸ்ஹாப்’.

பெயரைக் கண்டு மிரள வேண்டாம். நபிகள் நாயகத்தின் (ஸல்) தோழர்களை ஸஹாபாக்கள் என்கிறோம் அல்லவா? அதே வேர்ச்சொல்லில் முளைத்ததுதான் இதுவும். இஸ்திஸ்ஹாப் என்றால் ஒன்றைத் தோழமையாக உடன் வைத்துக்கொள்வது. நேற்று இருந்த நிலையை இன்றைக்கும் துணைக்குக் கூட்டி வருவது என்று சொல்லலாம். சட்ட மொழியில், முன்பு நிலைபெற்றிருந்த ஒன்று மாறிவிட்டது என்பதற்கு ஆதாரம் வராதவரை அது அப்படியே நீடிப்பதாகக் கொள்வது.

இதற்கு இரண்டு கால்கள் உண்டு: முன்னால் ஓர் உறுதி, பின்னால் ஒரு சந்தேகம். உறுதியே இல்லாமல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான் என்றால் துணைக்குக் கூட்டி வர எதுவும் இல்லை. பின்னால் வந்தது சந்தேகம் அல்ல, நம்பத்தக்க சாட்சியம் என்றால் இஸ்திஸ்ஹாபுக்கு அங்கே வேலையே இல்லை. ‘உறுதி சந்தேகத்தால் நீங்காது’ என்று மத்ரஸா மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வாசகம் இதன் சுருக்கம்தான். ஃபிக்ஹின், அதாவது இஸ்லாமியச் சட்டவியலின், ஐந்து பெரிய பொதுவிதிகளில் ஒன்றாக அதை எண்ணுகிறார்கள்.

இந்த விதிக்கு அடிப்படையாகக் காட்டப்படும் ஹதீஸ் (நபிமொழி), கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயத்தைப் பற்றியது. தொழுகையில் நிற்கும் ஒருவருக்கு வயிற்றிலிருந்து காற்று பிரிந்துவிட்டதோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இதை நபிகளாரிடம் முறையிட்டபோது, சத்தம் கேட்கும்வரை அல்லது வாடை தெரியும்வரை தொழுகையை விட்டுத் திரும்ப வேண்டாம் என்றார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் பதிவான செய்தி இது. தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவித் தூய்மை செய்துகொள்ளும் ஒளு, காற்று பிரிந்தால் முறிந்துவிடும். இங்கே ஒளு செய்தது உறுதி, முறிந்தது சந்தேகம். உறுதியே நிற்கும். பெரிய சட்டத் தத்துவம் ஒன்று இவ்வளவு சாதாரணமான இடத்தில் வேர்விட்டிருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

மூன்று ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதோமா, நான்கா என்று குழம்பினால்? மூன்று உறுதி, நான்காவதுதான் சந்தேகம். மூன்று என்று வைத்துக்கொண்டு மேலும் ஒரு ரக்அத் தொழுது, மறதிக்கான இரண்டு ஸஜ்தாக்களையும் (நெற்றி தரையில் படப் பணிதல்) செய்துவிட வேண்டும் என்று இன்னொரு ஹதீஸ் சொல்கிறது. பிறை விஷயமும் இப்படித்தான். மேகம் மறைத்துப் பிறை தெரியவில்லை என்றால் ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபானை முப்பது நாளாக முழுமையாக்குங்கள் என்பது நபிமொழி. இருக்கும் மாதம் முடிந்துவிட்டது என்று தெரியாதவரை அது முடியவில்லை. ஆண்டுதோறும் பிறைக்காகச் சண்டை போட்டுக்கொள்கிற நமக்கு, அந்தச் சண்டைக்கு அடியில் இருப்பது இஸ்திஸ்ஹாப் என்பது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை.

பன்னிரண்டு இமாம்களைப் பின்பற்றும் ஷியாக்களின் இமாமி மரபிலும் இதே கருத்து உண்டு. அங்கே அது இன்னும் விரிவாக வளர்ந்தது என்றே சொல்லலாம். ஸுராரா என்ற மாணவர் இமாமிடம் ஒரு கேள்வி கேட்கிறார். ஒளுவோடு இருக்கும் ஒருவருக்குத் தலை ஒன்றிரண்டு முறை தூக்கத்தில் ஆடிவிடுகிறது, ஒளு முறியுமா? கண் தூங்கலாம், காதும் உள்ளமும் விழித்திருக்கலாம் என்கிறார் இமாம். மாணவர் விடவில்லை. பக்கத்தில் ஏதோ அசைக்கப்பட்டும் அது அவருக்குத் தெரியவில்லை என்றால்? தூங்கிவிட்டார் என்று உறுதியாகும்வரை ஒளு முறியாது, உறுதியைச் சந்தேகத்தால் முறிக்காதே என்று பதில் வருகிறது. இந்த ஒரு வாக்கியத்தின் மேல் 19ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் நஜஃப் நகரில் ஷைக் முர்தளா அன்ஸாரியும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதிய விளக்கங்கள் மலைக்க வைப்பவை.

பழைய நிலை நீடிக்கும் என்று சொல்வது எளிது. அந்தப் பழைய நிலை எங்கே தொடங்குகிறது? மனிதன்மீது எந்தக் கடமையும் இல்லை என்பதே ஆதிநிலை என்கிறார்கள் உஸூல் (சட்ட மூலக் கோட்பாடு) அறிஞர்கள். கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இதற்கு அழகான உதாரணம் தருகிறார். ஐந்து வேளைத் தொழுகை கடமை என்று வேதமும் நபிவழியும் சொல்லிவிட்டன. ஆறாவது வேளை கடமையில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? ‘ஆறாவது இல்லை’ என்று யாரும் தனியாக வந்து சொன்னதால் அல்ல. முதலில் எதுவுமே கடமையாக இருக்கவில்லை. ஐந்துக்குக் கட்டளை வந்தது, அந்த ஐந்து கடமையாயின. ஆறாவது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு வழுக்குப் பாறை உண்டு. ‘எனக்கு ஆதாரம் தெரியவில்லை, ஆகவே ஆதாரம் இல்லை’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாமே? அதையும் கஸ்ஸாலி விடவில்லை. வீட்டுக்குள் ஒரு பொருள் இருக்கிறதா என்று தேடுகிறவனை எடுத்துக்கொள்ளுங்கள். கண் தெரிந்தவன், வீட்டை மூலைமுடுக்கெல்லாம் துழாவிப் பார்த்துவிட்டு ‘இங்கே இல்லை’ என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கண் தெரியாதவன், அந்த வீட்டுக்கே புதியவன், வாசலில் நின்று ‘இல்லை’ என்று சொன்னால்? ஆகவே இஸ்திஸ்ஹாபைப் பிடித்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை, குர்ஆனையும் ஹதீஸையும் இஜ்மாவையும் (அறிஞர்களின் ஒருமித்த கருத்து) கியாஸையும் (ஒப்புமை வாதம்) தேடிக் களைத்தவருக்குத்தான். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஒரு முஃப்தி கடைசியாகக் கைவைக்கும் இடம் இது. முதலில் கைவைப்பவர் சோம்பேறி என்பது என் கருத்து.

கடமை இல்லை என்பது ஆதிநிலை என்றால், பொருள்களிலும் பழக்கவழக்கங்களிலும் அனுமதிதான் ஆதிநிலை என்று பெரும்பான்மையோர் கொண்டார்கள். பூமியில் உள்ளவை அனைத்தையும் உங்களுக்காகப் படைத்தான் என்ற குர்ஆன் வசனத்தை (2:29) இதற்குக் காட்டுவார்கள். இந்த விதியை மக்கா நகரில் ஒருமுறை காப்பி சோதித்துப் பார்த்தது. ஏமனிலிருந்து புதிதாக வந்த அந்தப் பானத்தை 1511இல் தடைசெய்ய முனைந்தார், அங்கே மம்லூக் அரசின் அதிகாரியாக இருந்த காயிர் பெக். ஹதீஸில் காப்பி கிடையாது. ஆகுமானது என்பதே மூலநிலை. தடுக்க வேண்டுமென்றால் தீங்கு நிரூபிக்கப்பட வேண்டும். அதனால்தான் அந்த விசாரணையில் மருத்துவர்களை அழைத்துச் சாட்சி சொல்ல வைக்க வேண்டியதாயிற்று. தடை நெடுநாள் நிலைக்கவில்லை. தடுப்பவன்தான் ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்ற விதியின் பலனை இன்று நாம் டம்ளர் டம்ளராக அனுபவிக்கிறோம்.

நீதிமன்றத்தில் இந்தக் கருத்துக்குக் கைமேல் பலன் உண்டு. ‘இவர் எனக்கு ஆயிரம் தர வேண்டும்’ என்று ஒருவர் வழக்குப் போடுகிறார். மற்றவர் மறுக்கிறார். மனிதர் எவரும் கடனோடு பிறப்பதில்லை. கடனில்லாமை மூலநிலை, ஆகவே வழக்குப் போட்டவர்தான் சாட்சி கொண்டுவர வேண்டும். இப்போது கதையைச் சற்று மாற்றுவோம். ‘ஆமாம், வாங்கினேன். ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்’ என்கிறார் மற்றவர். அந்த ‘வாங்கினேன்’ என்ற சொல்லோடு சுமை இடம் மாறிவிட்டது. கடன் இருந்தது உறுதி, அடைந்தது சந்தேகம். இனிச் சாட்சி தேட வேண்டியவர் அவர். கூட்டுத்தொழிலில் பணம் போட்டவர் ‘லாபம் வந்தது’ என்றும் உழைத்தவர் ‘வரவில்லை’ என்றும் சொன்னால், உழைத்தவர் சொல்லே ஏற்கப்படும். லாபம் என்பது பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் ஒன்று. அது இல்லாமல் இருப்பதுதான் தொடக்க நிலை.

இதையெல்லாம் சட்டப் பிரிவுகளாக அச்சிட்டுக் கொடுத்தது உதுமானியப் பேரரசு. அஹ்மத் ஜெவ்தெத் பாஷா தலைமையில் ஒரு குழு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற உரிமையியல் சட்டத்தில் 1851 பிரிவுகள். அதன் தொடக்கத்திலேயே பொதுவிதிகள் வரிசையாக நிற்கின்றன. உறுதி சந்தேகத்தால் நீங்காது என்பது 4ஆவது பிரிவு. இருந்தது இருந்தபடியே நீடிப்பதே மூலம் என்பது 5ஆவது. பொறுப்பின்மையே மூலநிலை என்பது 8ஆவது. ஒரு காலத்தில் நிலைபெற்றது, மாறாக நிரூபிக்கப்படாதவரை நீடிப்பதாகத் தீர்ப்பளிக்கப்படும் என்பது 10ஆவது. இஸ்திஸ்ஹாப் என்ற ஒரு விதையிலிருந்து இத்தனை கிளைகள்.

இதுவரை படித்தவர்களுக்கு, இது ஏதோ கணக்கு வாய்ப்பாடு போல, பழைய நிலையைப் போட்டால் விடை வந்து விழும் என்று தோன்றியிருக்கும். அப்படி இல்லை. முதல் சிக்கல், எந்த உறுதியைப் பிடித்துக்கொள்வது என்பது. ஒளு முறிந்ததா என்ற அதே சந்தேகத்தைத் தொழத் தொடங்கும் முன் மாலிகி மத்ஹபிடம் (மத்ஹப் என்பது ஒரு சட்ட மரபு; ஹனஃபி, ஷாஃபி என்பவையும் அப்படித்தான்) கொண்டுபோனால், அங்கே பிரபலமான கருத்து ‘மறுபடி ஒளு செய்’ என்பது. அவர்கள் விதியை மறுக்கிறார்களா? இல்லை. தொழுகை உன் தலைமேல் இருக்கும் கடமை, அது உறுதி. சந்தேகமான ஒளுவோடு தொழுதால் அந்தக் கடமை இறங்கியது சந்தேகம். உறுதியான கடமையைச் சந்தேகத்தால் இறக்க முடியாது. மற்றவர்கள் ஒளுவின் உறுதியைப் பிடித்தார்கள், இவர்கள் கடமையின் உறுதியைப் பிடித்தார்கள். விதி ஒன்றே, பிடித்த முனைதான் வேறு. மத்ஹபுகள் மோதிக்கொள்ளும் பல இடங்களில், தூசியை ஊதிப் பார்த்தால் இப்படித்தான் இருக்கிறது.

இரண்டாவது சிக்கலுக்கு ஒரு செத்த எலி சாட்சி. கிணற்றில் எலி செத்துக் கிடக்கிறது. எப்போது விழுந்தது, யாருக்கும் தெரியாது. அந்தத் தண்ணீரில் ஒளு செய்து தொழுத தொழுகைகளின் கதி என்ன? எலி ஊதாமல் இருந்தால் ஒரு பகல் ஒரு இரவின் தொழுகைகளையும், ஊதியோ வெடித்தோ இருந்தால் மூன்று நாள் தொழுகைகளையும் திரும்பத் தொழ வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா. எலி கிணற்றில் விழுந்துதான் செத்திருக்கும், ஊதியிருப்பதால் நாளாகியிருக்கும் என்று வெளிப்படையான காரணத்தை அவர் பார்த்தார். அவருடைய மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் சுத்தமாக இருந்தது உறுதி. அசுத்தம் தெரிந்தது பார்த்த நிமிடத்தில்தான். அதற்கு முன் தொழுதது செல்லும் என்றார்கள். அபூயூசுஃப் முதலில் குருவின் பக்கம்தான் இருந்தாராம். ஒருநாள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பருந்து அலகில் பிணத்தைக் கவ்வி வந்து கிணற்றுக்குள் போட்டதைப் பார்த்தார். செத்து ஊதிய பிராணியும் இப்போதுதான் விழுந்திருக்கலாம் அல்லவா! அன்றோடு கருத்தை மாற்றிக்கொண்டார் என்று ஹனஃபி நூல்கள் சொல்கின்றன.

மூன்றாவது சிக்கல் நுட்பமானது. பழைய நிலையைக் கூட்டி வரலாம், ஆனால் அது யாருடைய நிலையோ அந்த ஆள் மாறியிருக்கக் கூடாது. சாராயம் விலக்கப்பட்டது. அதே ஜாடியில் அது தானாகப் புளித்துக் காடியாகிவிட்டது. ‘நேற்று விலக்கப்பட்டதுதானே’ என்று இன்றும் விலக்க முடியாது. நேற்று இருந்தது வேறு பொருள். இது தெளிவான உதாரணம். தெளிவில்லாததும் உண்டு. தண்ணீர் கிடைக்காத பயணி தயம்மும் (ஒளுவுக்குப் பதிலாக மண்ணால் செய்யும் தூய்மை) செய்து தொழத் தொடங்குகிறார். தொழுகையின் நடுவே தூரத்தில் தண்ணீர் தெரிகிறது. தொடரலாமா? தக்பீர் சொல்லித் தொழத் தொடங்கியபோது அவருடைய தொழுகை செல்லும் என்பதில் எல்லாருக்கும் ஒருமித்த கருத்து, ஆகவே அது நீடிக்கும் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். கஸ்ஸாலி இந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒருமித்த கருத்து இருந்தது தண்ணீர் இல்லாத நிலையைப் பற்றி. தண்ணீர் தெரிந்த நிமிடமே அந்த ஒற்றுமை உடைந்துவிட்டது, உடைந்த ஒன்றை எப்படித் தொடரச் செய்வது என்றார். ஷாஃபி வழியில் அந்தப் பயணி தொழுகையைத் தொடரலாம், ஹனஃபி வழியில் தொழுகை முறியும். கஸ்ஸாலியே ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர் என்பதைக் கவனியுங்கள். தன் மத்ஹபின் முடிவு வேறு, அந்த முடிவுக்குச் சொல்லப்படும் காரணத்தின் வலிமை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்.

இனி, இஸ்திஸ்ஹாபின் மிகக் கனமான வழக்குக்கு வருவோம். ஒருவர் ஊரைவிட்டுப் போனார், திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறாரா, செத்தாரா என்று எந்தத் தகவலும் இல்லை. சட்ட நூல்களில் இவர் பெயர் ‘மஃப்கூத்’, காணாமற்போனவர். போகும்போது உயிரோடு போனார், அது உறுதி. ஆகவே அவர் சொத்தை வாரிசுகள் பங்கு போட முடியாது. இதுவரை எல்லாரும் ஒரே பக்கம்தான். அவர் காணாமற்போன பிறகு ஊரில் அவருடைய தகப்பனார் இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். மகனுக்குப் பங்கு உண்டா?

உயிரோடிருப்பதாகக் கொண்டோம் என்றால் எல்லாவற்றுக்கும் உயிரோடிருப்பவர்தான், வாரிசாகவும் ஆவார் என்பது ஷாஃபி உஸூலின் போக்கு. ஹனஃபிகள் இங்கே ஒரு கோடு போடுகிறார்கள். இஸ்திஸ்ஹாப் இருப்பதைக் காவல் காக்கும், புதிதாகச் சம்பாதித்துக் கொடுக்காது. அவருடைய சொத்து அவரிடமே இருக்கட்டும், யாரும் தொடக் கூடாது. ஆனால் தகப்பனாரின் சொத்து அவருக்குப் புதிதாக வர வேண்டிய ஒன்று. அதற்குத் தகப்பன் இறந்த அன்று மகன் உயிரோடிருந்தார் என்ற நிரூபணம் வேண்டும், ஊகம் போதாது. பங்கை ஒதுக்கித்தான் வைப்பார்கள். கடைசியில் அவர் இறந்தவர் என்று தீர்ப்பானால், அந்தப் பங்கு தகப்பனாரின் மற்ற வாரிசுகளுக்கே திரும்பிப் போகும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழியும் உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி வழியும் நிலவும் தமிழ்நாட்டில், ஒரே கேள்விக்கு இரண்டு ஊர் ஆலிம்கள் இரண்டு விதமாகப் பேசினால் அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஒரு கோடு இருக்கக்கூடும்.

சொத்தையாவது பூட்டி வைக்கலாம். மனைவியை என்ன செய்வது? கணவன் இறந்தது சந்தேகம், திருமணம் உறுதி. பழைய ஹனஃபி நூல்களின்படி, கணவனின் வயதொத்தவர்கள் எல்லாரும் இறக்கும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும். அவனுக்குத் தொண்ணூறு வயதாகும்வரை என்று கணக்குச் சொன்னவர்களும் உண்டு. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் இருபது வயதில் கணவனைத் தொலைத்த பெண்ணுக்கு அது வாழ்நாள் சிறை. விதியை அதன் கடைசி எல்லைவரை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. மாலிகிகள் இங்கே கலீஃபா உமரின் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள்: நான்கு ஆண்டு காத்திருப்பு, பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா (கணவனை இழந்தவள் மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்), அதன்பின் அவள் மறுமணம் செய்துகொள்ளலாம்.

ஹனஃபிகள் பெரும்பான்மையாக இருந்த பிரிட்டிஷ் இந்தியாவில் இது நூல் விவாதமாக மட்டும் இருக்கவில்லை. கணவனிடமிருந்து விடுபட வழியில்லாமல் பெண்கள் மதம் மாறியதாகச் சொல்லி நீதிமன்றம் ஏறினார்கள். மதம் மாறினால் திருமணம் முறியும் என்ற விதி அவர்களுக்கு அப்படிப் பயன்பட்டது. 1930களில், வட இந்தியாவின் தேவ்பந்த் மத்ரஸா மரபைச் சேர்ந்த மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி, இத்தகைய பெண்கள் விஷயத்தில் மாலிகி கருத்தை எடுத்து நடக்கலாம் என்று விரிவாக எழுதினார். ஹனஃபி அறிஞர் ஒருவர் தன் மத்ஹபின் எல்லையைத் தாண்டி இன்னொரு வாசலைத் தட்டியது சிறிய காரியம் அல்ல. 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. மனைவி விவாகரத்துக் கோருவதற்கான காரணங்களில் முதலாவதாக அதில் இருப்பது, கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியவில்லை என்பதுதான்.

நாட்டின் பொதுவான சாட்சியச் சட்டமும் இதே கேள்வியைத் தன் வழியில் எதிர்கொண்டிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்குள் உயிரோடிருந்ததாகத் தெரிந்த ஒருவர் இறந்துவிட்டார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆனால் இயல்பாகத் தகவல் கிடைக்கவேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லை என்றால் சுமை மாறி, உயிரோடிருக்கிறார் என்பவர்மேல் விழும். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் 107, 108ஆம் பிரிவுகளாக இருந்த இவை, இப்போதைய பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 110, 111. வேறு மரபில் பிறந்த சட்டம் இது. இருந்தாலும் ஸஹர் வேளையில் வானம் பார்த்த நம் பயணிக்கு இதில் புரியாதது எதுவும் இருக்காது.

1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு சிறு நிபந்தனையும் உண்டு. நான்கு ஆண்டு காணாமற்போனதற்காக நீதிமன்றம் விவாகரத்துத் தீர்ப்பு வழங்கினாலும், அது உடனே நடைமுறைக்கு வராது. ஆறு மாதம் ஆக வேண்டும். அதற்குள் கணவன் நேரிலோ தன் பிரதிநிதி மூலமாகவோ வந்து, இல்லறக் கடமைகளை நிறைவேற்றத் தயார் என்று நீதிமன்றத்துக்கு நம்பிக்கை ஏற்படுத்தினால் தீர்ப்பு ரத்தாகும். தீர்ப்பு எழுதிய பிறகும் ஆறு மாதத்துக்கு, போனவனுக்காகக் கதவு தாழிடாமல் இருக்கிறது.